கேட்டதும் சொன்னதும்: ஜெய்சால்மர் போகிறவர்களுக்கு

குளிர்கால விடுமுறைக்கு ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் கிளம்பும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

டிசம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில் போகலாமா? இங்கிருந்து எப்படிப் போவது வசதி?
– வாசகி, லாஸ்பேட்டை

போகலாம். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரைக்கும் அந்தச் சின்ன ஊர் பிதுங்கி வழியும். அறை வாடகை ஏறும், ஜீப்புக்குப் பேரம் படியாது. பொங்கலை ஒட்டிப் போனால் குளிர் கூடுதல், கூட்டம் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

ஜனவரி இரவில் 5 டிகிரி வாக்கில் இறங்கும். நம் ஊர் மார்கழிக்கு வாங்கிய ஸ்வெட்டர் மணல்மேட்டுக் காற்றுக்குத் தாங்காது. காதை மூடும் குல்லா, காலுறை, காற்று புகாத மேல்சட்டை மூன்றும் அவசியம். பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும் என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும்படி துணி எடுத்துப் போங்கள். இன்னொன்று, அங்கே சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தித்தான் உதிக்கும். ஜனவரியில் காலை ஏழேகாலுக்கும் சூரியன் தலைகாட்டியிருக்காது. ஆறு மணிக்கு வண்டி வரச்சொல்லி வாசலில் நடுங்க வேண்டாம்.

மாக மாதப் பௌர்ணமியோடு முடியும்படி மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கும். நம் பஞ்சாங்கப்படி சில ஆண்டு அது தைப்பூசத்தை ஒட்டி வரும், சில ஆண்டு மாசி மகத்தை ஒட்டி வரும். தேவனாம்பட்டினத்துத் தீர்த்தவாரியை விடக்கூடாது என்பவர்கள் நாள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வழி: முதலில் ஜோத்பூர். மன்னார்குடியிலிருந்து சென்னை எழும்பூர் வழியாக பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. பகத் கி கோட்டி ஜோத்பூரின் புறநகர் நிலையம். இரண்டு இரவு ரயிலில் கழியும். அங்கிருந்து ஜெய்சால்மருக்கு ரயிலோ காரோ, ஐந்தாறு மணி நேரம். ஜெய்சால்மரிலும் விமான நிலையம் உண்டு, ஆனால் சேவைகள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதை நம்பித் திட்டம் போடும் முன் அட்டவணையைப் பாருங்கள்.

எழுபது வயது அம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டை, ஹவேலி எல்லாம் அவர் பார்க்க முடியுமா? ஊருக்குள் எத்தனை நாள் வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ஊருக்குள் ஒன்றரை நாள் போதும், அவசரமில்லாமல் பார்க்க இரண்டு நாள். எதை எப்போது பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கோட்டையைக் காலையிலேயே பாருங்கள். உள்ளே இருக்கும் சமணக் கோயில்களில் வெளியாரைப் பகல் பன்னிரண்டு மணி வாக்கு வரைதான் விடுவார்கள். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் உள்ளே கூடாது. அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை. அரண்மனை அருங்காட்சியகத்துக்கும் கோயில்களுக்கும் தனித்தனிச் சீட்டு.

அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் (‘போல்’ என்றால் அங்கே வாயில்) என்று நான்கு வாயில்களைக் கடந்து கல் பாவிய சரிவுப் பாதை வளைந்து ஏறும். கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடிச் செருப்பு போட்டுவிடுங்கள். ஆட்டோ மேலே சதுக்கம் வரை போகும், ஏறும் முன்பே ‘மேலே வரை’ என்று பேசிக்கொள்ளுங்கள். அரண்மனைக்குள் படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதால் அதை விட்டுவிடலாம். சமணக் கோயில்களில் ஏற வேண்டிய படிகள் குறைவு. மஞ்சள் கல்லில் தோரணமும் தூணுமாக அங்கே இருக்கும் வேலைப்பாட்டைப் பார்த்தாலே வந்த பலன் கிடைத்துவிடும்.

ஹவேலிகள், அதாவது அந்தக் காலத்துச் செல்வந்தர் மாளிகைகள், மாலைக்கு. பட்வா வணிகக் குடும்பம் 1805-இல் தொடங்கிக் கட்டியது ஐந்து வீடுகளின் வரிசை. ஒன்றில் தனியார் அருங்காட்சியகம் நடக்கிறது, மற்றவற்றுக்கு வேறு சீட்டு; எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டு வாங்குங்கள். அம்மா தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க ஏற்றது நத்மல் ஹவேலி, 1885-இல் முடிந்தது. ஹாத்தி, லாலு என்ற அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு பாதியாக முகப்பைச் செதுக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரு பாதியும் ஒன்றுபோலவே தெரியும். கிட்டே போய் இடப்பக்கத்து ஜன்னலையும் வலப்பக்கத்து ஜன்னலையும் மாறிமாறிப் பாருங்கள்: பூவும் கொடியும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. பேரப்பிள்ளைகளிடம் ‘வித்தியாசம் கண்டுபிடி’ என்று விட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

வீராணம் ஆயக்கட்டில் விவசாயம் செய்கிறேன். மழையே இல்லாத ஊரில் அவ்வளவு பெரிய கோட்டை எப்படிப் பிழைத்தது? இப்போது அதே கோட்டை தண்ணீரால் சரிகிறது என்கிறார்களே, எப்படி?
– வாசகர், காட்டுமன்னார்கோயில்

வந்த கேள்விகளிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜெய்சால்மரை ஒட்டகத்தின் ஊராகப் பார்க்காமல் தண்ணீரின் ஊராகப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

ஆண்டு முழுக்க அங்கே சுமார் 15 முதல் 20 செ.மீ. மழை. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கொஞ்ச மழையை அவர்கள் ஒரு சொட்டு விடாமல் பிடித்தார்கள். ஊரின் தென்கிழக்கில் இருக்கும் கடிசர் ஏரி அதற்குச் சாட்சி. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் அதைச் சீராக்கிப் பெரிதாக்கினார். சுற்றியுள்ள பாறை நிலத்தில் விழும் மழை முழுவதும் அதில் வந்து சேரும். நெடுங்காலம் ஊரே அதிலிருந்துதான் குடம் சுமந்தது. இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருகிறது. காலையில் போனால் படகும் கூட்டமும் இருக்காது. படித்துறை மண்டபங்களையும் பறவைகளையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

உங்களைப் போன்ற விவசாயி தேடிப் பார்க்க வேண்டியது ‘கடீன்’. பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் செய்த ஏற்பாடு அது. மேட்டுப் பாறையில் பெய்யும் மழை ஓடிவந்து தங்கும் பள்ளத்தின் கீழ்முனையில், ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ, நூறு இருநூறு மீட்டர் நீளத்துக்கு மண் கரை போடுவார்கள். மிஞ்சும் தண்ணீர் போக நம் ஏரிக்குப் போலவே கலிங்கல் இருக்கும். நம் ஏரியில் மதகைத் திறந்து வெளியே இருக்கும் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். அங்கே ஏரியின் தரையே வயல். ஆடி, ஆவணியில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, ஐப்பசி, கார்த்திகையில் நிலம் தெரியும்போது அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு பாசனமே கிடையாது. மேற்கே சாம் மணல்மேட்டுப் பக்கம் போகும்போது ஓட்டுநரிடம் ‘கடீன்’ என்று கேட்டால் காட்டுவார். மஞ்சள் பொட்டலுக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சைக் கட்டம் தெரியும்.

இனி கோட்டை. 1156-இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கியது. 99 கொத்தளங்கள், 2013-இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. அது உட்கார்ந்திருப்பது கெட்டிக் கருங்கல்லின் மேலே இல்லை. மணற்கல்லும் களிமண்ணும் கலந்த அடுக்குகளின் மேலே. மழைநீர் நிற்காமல் நாலு பக்கமும் வெளியே பாய ‘குட் நாலி’ என்ற வடிகால் அந்தக் காலத்திலேயே இருந்தது. குடத்தில் சுமந்த தண்ணீரை யாரும் கொட்டி வீணாக்கவில்லை. குழாய் வந்த பிறகு வீட்டுக்கு வீடு குளியலறை, விடுதிக்கு விடுதி ஷவர். கசியும் குழாயும் ஒழுகும் சாக்கடையும் அடியில் இருக்கும் களிமண்ணை ஊறவைக்கின்றன. ஊறிய களிமண் உப்பி நழுவ, மேலே சுவர் விரிசல் விடுகிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-லேயே ஆபத்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாழ வேண்டும். வந்துபோகும் நாம் கோட்டைக்கு வெளியே அறை எடுக்கலாம். வெளியே மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்தான் கோட்டை முழுசாகத் தெரியும் என்பதும் உண்மை.

குல்தாரா பேய் ஊரில் இரவு தங்க விடுவார்களா?
– கல்லூரி மாணவர், முதலியார்பேட்டை

விடமாட்டார்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம். மாலையோடு கதவை மூடிவிடுவார்கள். இரவில் சுவர் ஏறிக் குதிப்பது குற்றம், பாழடைந்த கல் சுவர்கள் சரிந்து காலில் விழவும் செய்யும்.

ஊரிலிருந்து மேற்கே 18 கி.மீ. சலீம் சிங் என்ற திவானின் கொடுமைக்கு அஞ்சி 84 ஊர்ப் பாலிவால்கள் ஒரே இரவில் சாபமிட்டுக் கிளம்பினார்கள் என்பது கதை. ஆனால் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றியதும், ஆட்கள் படிப்படியாகக் குறைந்ததும் பதிவில் இருக்கின்றன. 1890 வாக்கில்கூட அங்கே 37 பேர் இருந்தார்கள். விழுந்து கிடக்கும் கூரைகளையும் தூண்களையும் வைத்து நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. வரியைக் கூட்டி, தண்ணீரும் வற்றினால் விவசாயி என்ன செய்வான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். தெருக்கள் நேராக, வீடுகள் வரிசையாக இருக்கும். கடீன் கட்டிய அதே மக்கள்தான். பக்கத்தில் காபா கோட்டையையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே கூட்டம் குறைவு.

எங்கள் திருவக்கரையிலேயே கல்மரம் இருக்கிறது. ஜெய்சால்மர் பக்கத்து ஆகல் கல்மரப் பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துப் போவது வீணா?
– ஆசிரியை, வானூர்

வீணே இல்லை. இரண்டையும் பார்த்த மாணவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள்.

திருவக்கரை மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு பழையவை; ஆகலில் உள்ளவை 18 கோடி ஆண்டு, ஜுராசிக் காலத்தவை. திருவக்கரையில் புளி, ஆமணக்குக் குடும்பத்து உறவுக்காரர்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த காட்டின் முன்னோர். ஆகல் மரங்களோ பூச்செடிகள் உலகை நிறைப்பதற்கு முந்தைய காலத்தின் காடு. இன்று வெறும் சரளையாகக் கிடக்கும் அந்த இடத்தில் அப்போது மழையும் ஈரமும் இருந்தன, அருகே கடல் இருந்தது. பாலைவனம் பிறவியிலேயே பாலைவனமாக இருந்ததில்லை என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்தக் கல் நன்றாகச் சொல்லும்.

எண்ணிக்கையில் நம்முடையதுதான் பெரிது. 247 ஏக்கரில் சுமார் 200 மரங்கள். ஆகலில் 21 ஹெக்டேரில் 25 வரைதான். மிக நீளமானது 13 மீட்டர். பலவற்றின் மேல் தகரக் கூரையும் கம்பிக் கூண்டும் போட்டிருக்கிறார்கள். ‘இவ்வளவுதானா’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் போகும் முன் திருவக்கரைக்கு அழைத்துப் போய்ப் பார்க்கப் பழக்குங்கள். கிளை, இலை, வேர், பட்டை எதுவும் அங்கே ஒட்டியிருக்காது. மரங்கள் முளைத்த இடத்திலேயே விழவில்லை, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்பதற்கு அதுதான் தடயம். புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் புகுந்து, மட்க வேண்டிய செல் ஒவ்வொன்றின் இடத்திலும் கல்லாகப் படிந்தது. அதனால்தான் ஆண்டு வளையமும் இழையும் அப்படியே இருக்கின்றன. குறுக்கு வெட்டு முகத்தில் தண்ணீரைத் தெளித்துச் சாய்வு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள், இழை எழும்பித் தெரியும்.

திருவக்கரை மரங்கள் கிடக்கும் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் ‘கடலூர் மணற்கல்’. கடலூர் கேப்பர் மலையின் சிவப்பு மண்மேடும் அதே அடுக்குதான். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே திருவக்கரை மரங்களைப் பற்றி எழுதினார். நம் மாவட்டத்தின் பெயர் பாறையில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஆகல் ஊரிலிருந்து பார்மர் சாலையில் 17 கி.மீ. நிழல் கிடையாது, காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு சில்லுகூட எடுத்து வரக்கூடாது. இரண்டு இடத்திலும் அது சட்டப்படி குற்றம்.

மணல்மேடு பார்க்க சாம் நல்லதா, கூரி நல்லதா? ஒட்டகத்தில் ஏற பயமாக இருக்கிறது.
– வாசகி, பண்ருட்டி

சாம் மேற்கே 40 கி.மீ., மேடுகள் பெரியவை, கூட்டமும் பாட்டுச் சத்தமும் ஜீப் புழுதியும் அதற்கேற்ப. கூரி தென்மேற்கே ஏறக்குறைய 50 கி.மீ., மேடுகள் சிறியவை, கிராமத்து அமைதி உண்டு. பிள்ளைகள் ஆட்டம் பாட்டம் கேட்டால் சாம். நட்சத்திரம் பார்க்கவேண்டுமானால் கூரி. எங்கள் தேர்வு கூரி. ஒட்டகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பிச்சாவரம் போய்ப் படகுத்துறையை மட்டும் பார்த்துவிட்டு வருவது போல. ஓர் இரவாவது தங்குங்கள்.

கூடாரத்துக்குப் பணம் கட்டும் முன் நாலு கேள்வி: மேடு எத்தனை நிமிட நடை? கம்பளி எத்தனை? ஒட்டகச் சவாரி கட்டணத்தில் சேர்த்தியா, எவ்வளவு நேரம்? பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும்? ‘மேடு பக்கத்தில்தான்’ என்று சொல்லிவிட்டு அங்கே போனதும் ஜீப்புக்குத் தனியாகக் கேட்பதுதான் வழக்கமான தகராறு.

ஒட்டகம் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஏறுவீர்கள். எழும்போது பின்னங்கால் முதலில் நிமிரும், உங்களை முன்னால் குப்புறத் தள்ளும். அதற்கு முன்பே சேணத்தின் மரப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நன்றாகச் சாய்ந்துவிடுங்கள். இறங்கும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். அப்போதும் முன்னால்தான் சாய்க்கும், அப்போதும் பின்னால் சாய வேண்டும். இந்த இரண்டு நொடி தவிர பயப்பட ஒன்றுமில்லை. புடவை வேண்டாம், தொளதொள பேன்ட்டோ சுடிதாரோ போட்டு, தொடைக்குக் கீழே மடித்த போர்வை வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மறுநாள் நடக்க முடியாது. மணலில் கேமரா லென்ஸ் மாற்றக்கூடாது. செல்போனை ஜிப் உறையில் போட்டு வையுங்கள். தூள் மணல் சார்ஜர் துளைக்குள் போனால் ஊதி எடுக்க முடியாது.

தனோட் கோயில், லோங்கேவாலா போர்க்களம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா?
– முன்னாள் ராணுவ வீரர், கடலூர் முதுநகர்

பார்க்கலாம் ஐயா. காலை எட்டுக்குக் கிளம்பி ராம்கட் வழியாகத் தனோட், சுமார் 120 கி.மீ. அங்கிருந்து லோங்கேவாலா, மறுபடி ராம்கட் வழியாக ஊர். ராம்கட்டிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடையும் செல்போன் சிக்னலும் அரிது. எல்லோரும் அடையாள அட்டை அசல் வைத்திருக்க வேண்டும். தனோட் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையே பராமரிக்கிறது. 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லைக்கோடு வரை போக முன்அனுமதி வேண்டும்.

லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 120 வீரர்கள் பாகிஸ்தானின் டாங்கிப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். இளகிய மணலில் டாங்கிகள் சிக்கின. விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து எழும்பிய ஹன்டர் விமானங்கள் அவற்றை அடித்தன. கைப்பற்றிய டாங்கியைப் பார்ப்பதோடு நிற்காமல் காவல்நிலை இருந்த மேட்டில் ஏறி நின்று மேற்கே பாருங்கள். அந்த இரவின் கணக்கு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். ஊருக்குப் பக்கத்தில் ஜோத்பூர் சாலையில் போர் அருங்காட்சியகமும் இருக்கிறது. வரும் வழியிலோ போகும் வழியிலோ பார்த்துவிடலாம்.

கலாம் ஐயா நின்ற பொக்ரான் சோதனை இடத்தைப் பார்க்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, அரியாங்குப்பம்

முடியாதம்மா, அது ராணுவ இடம். 1974 மே 18, 1998 மே 11, 13 ஆகிய நாட்களில் சோதனை நடந்தது. பொக்ரான் ஊர் ஜோத்பூரிலிருந்து வரும் வழியிலேயே, ஜெய்சால்மருக்கு 110 கி.மீ. முன்னால் வரும், அங்கே செந்நிறக் கல்லில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது, அதை அவசியம் பார்.

அப்பாவுக்கு அரிசிச் சோறு இல்லாமல் முடியாது. என்ன செய்வது?
– வாசகி, விருத்தாசலம்

அரிசி கிடைக்கும், ஆனால் பாசுமதிதான். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் மோர் வாங்கி ஒப்பேற்றிவிடலாம். மதியத்துக்குக் கம்பு ரொட்டியும் ‘கேர் சாங்ரி’யும் கேளுங்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய்ந்த நெற்று. அந்தக் கேஜ்ரி வேறொன்றுமில்லை, உங்கள் விருத்தகிரீசுவரர் கோயில் தலமரமான வன்னிதான். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. நன்றாக ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் வதக்குவார்கள். காரம் இருக்கும், எண்ணெய் தாராளமாக இருக்கும். முதல் நாள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். குடிக்கச் சீல் வைத்த தண்ணீர் மட்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். குளிரில் தாகம் தெரியாது. தெரியாமலே உதடும் தொண்டையும் வறண்டு தலைவலி வரும்.

கானமயிலைப் பார்க்க வாய்ப்பு உண்டா?
– பறவை ஆர்வலர், பாகூர்

உண்டு, பொறுமை இருந்தால். சாம், கூரி இரண்டையும் உள்ளடக்கிய வட்டாரத்தில் 3,162 ச.கி.மீ. பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதில் சுதாசரி வேலிப் பகுதிதான் நம்பிக்கையான இடம். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் தேவை. உலகிலேயே இருநூறுக்கும் குறைவான கானமயில்கள்தான் மிச்சம், அவற்றில் பெரும்பாலானவை இங்கேதான். கனத்த உடம்பு, முன்னால் நேராகப் பார்க்கும் திறன் குறைவு. பறக்கும்போது மின்கம்பியைக் கடைசி நொடியில்தான் காணும், விலக முடியாமல் மோதிச் சாகும். அதனால்தான் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

விடியலில் புல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மீட்டர் உயரத்தில் வெள்ளைக் கழுத்தும் கருந்தொப்பியும் புல்லுக்கு மேலே நகர்ந்தால் அதுதான். இறங்க வேண்டாம், நெருங்க வேண்டாம். கண்ணாடியை இறக்கி, கதவில் முழங்கையை ஊன்றித் தொலைநோக்கியில் பாருங்கள்.